தப்பை வைத்துக் கட்டிய வாதம்

சென்ற இதழில் வந்த கட்டுரை ஒன்று கோவில்பட்டி வட்டாரத்தில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்படுகிறது. கழுகுமலையில் அதை நகலெடுத்து டீக்கடைச் சுவரில் ஒட்டியே விட்டார்கள். நல்ல ஓட்டமான நடை, உண்மையான கோபம், கரிசல் மண்மீது கலப்படமில்லாத பாசம். எலும்பைப் பற்றி அதில் இருப்பவை பெரும்பாலும் தப்பு என்பது ஒன்றுதான் குறை.

எழுதியவரின் வாதம் இது. பிள்ளைகளுக்குத் தொடை எலும்பு ஒடிந்தால் அறுவைச் சிகிச்சை தேவையே இல்லை. பச்சை எலும்பு தானே கூடும். கோணலாகக் கூடினாலும் வளர வளர நிமிர்ந்துகொள்ளும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே உலக ஆய்வுகளை அலசிப் பார்த்து, கத்திக்கும் கட்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஆகவே கம்பி வைப்பதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்களின் வருமானத்துக்கு. முதலில் நாட்டு வைத்தியரிடம் தப்பை வைத்துக் கட்டிப் பாருங்கள், கூடாவிட்டால் டாக்டரிடம் போங்கள். மலையையே குடைந்து வெட்டுவான்கோயில் செய்த ஊர்க்காரனுக்கு ஓர் எலும்பை நேராக்கத் தெரியாதா என்று முத்தாய்ப்பு வேறு.

முத்தாய்ப்பை முதலில் முடித்துவிடலாம். வெட்டுவான்கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து ஒற்றைக்கல் கோயில். பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தவன், ஓர் உளி தவறினால் கல் தானாக வளர்ந்து சரியாகிவிடும் என்று நம்பி வேலை செய்யவில்லை. அளந்து வெட்டினான். அளக்காமல் கட்டச் சொல்லும் கட்டுரைக்கு அவனைச் சாட்சிக்கு அழைப்பது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அந்தக் கோயில் முற்றுப்பெறாமல் நிற்கிறது என்பதையும் நண்பர் ஒருநாள் மலையேறிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதை எழுதுகிறவன் எலும்பு மருத்துவன். கத்தி பிடிக்கிறவன் கத்திக்குத்தான் வக்காலத்து வாங்குவான் என்று அடுத்த இதழில் அவர் எழுதக்கூடும். அந்தச் சிரமத்தை இப்போதே குறைத்துவிடுகிறேன்: நாலு வயதுப் பிள்ளைக்குச் சாதாரணமாகத் தொடை எலும்பு ஒடிந்து, அதற்கு யாராவது கம்பி வைக்கக் கிளம்பினால், தடுக்கிறவர்கள் வரிசையில் நானும் நிற்பேன். சண்டை அங்கே இல்லை.

சண்டை எங்கே என்றால், அவருடைய கட்டுரையில் பிள்ளை, பிள்ளை என்று பத்திக்குப் பத்தி வருகிறதே தவிர, எந்த வயதுப் பிள்ளை என்று ஓரிடத்திலும் இல்லை. தொட்டிலில் கிடக்கிற சிசுவும், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற எட்டாம் வகுப்புப் பையனும் அவருக்கு ஒன்றுதான். இது சின்ன விடுபடல் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளைகளின் தொடை எலும்பு முறிவில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி வயது, இரண்டாவது கேள்வி எடை. இரண்டையும் கேட்காமல் சிகிச்சை சொல்கிறவர் ஆங்கில வைத்தியரானாலும் நாட்டு வைத்தியரானாலும் பத்திரிகைக் கட்டுரையாளரானாலும் விலகிப்போக வேண்டியவரே.

ஆறு மாதம் நிறையாத சிசு என்றால், பாவ்லிக் வார் என்று ஒன்று இருக்கிறது. தோளில் மாட்டிக் காலைத் தவளை மாதிரி மடக்கி வைக்கும் துணிப்பட்டை. இரண்டு மூன்று வாரத்தில் எலும்பு கூடிவிடும். கத்தியும் இல்லை, பல நேரம் மாவுக்கட்டும் இல்லை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை இடுப்பு மாவுக்கட்டு, அதாவது மார்புக்குக் கீழே தொடங்கி இடுப்பை வளைத்துக் காலோடு இறங்கும் கட்டு. முறிந்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எலும்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குட்டையாகிப் போயிருந்தால் மட்டும் சில நாள் எடை கட்டி இழுத்துவிட்டு அப்புறம் மாவுக்கட்டு. ஐந்திலிருந்து பதினொன்று வரை, வளையும் கம்பிகள் இரண்டு. அதற்கு மேலே பையனின் உடம்பு வாகைப் பார்த்து உறுதியான கம்பியோ, தசைக்கு அடியில் செருகும் பிளேட்டோ. அமெரிக்க எலும்பு மருத்துவர் கழகம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியின் சாரம் இது. எல்லைகள் கல்லில் எழுதியவை அல்ல. ஐந்தரை வயதில் பூஞ்சையான பிள்ளைக்கு மாவுக்கட்டே போதும் என்று முடிவெடுக்கிறவர்கள் உண்டு, எடுக்கலாம். ஆனால் வயதுக்கேற்ப வழி மாறுகிறது என்ற அடிப்படையை மறுப்பவர் இல்லை, நம் நண்பரைத் தவிர.

அந்த வழிகாட்டியின் முதல் பரிந்துரை கத்தியைப் பற்றியதும் அல்ல, கட்டைப் பற்றியதும் அல்ல. மூன்று வயதுக்குக் கீழே ஒரு குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தால், யாராவது அடித்தோ முறுக்கியோ வதைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது. நடக்கவே தொடங்காத குழந்தைக்கு உடம்பின் மிகப் பெரிய எலும்பு சும்மா ஒடிவதில்லை. பெற்றவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது கொடுமையான வேலைதான். கேட்காமல் விட்டால் அதே குழந்தை அடுத்த தடவை மண்டை அடிபட்டு வரும். நண்பர் சிபாரிசு செய்யும் திண்ணையில் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை.

இனி வேலூருக்கு வருவோம். கட்டுரையின் கனமெல்லாம் அந்த ஒரு சான்றின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் எலும்பு மருத்துவத்தை வளர்த்தவர்களில் ஒருவரான விருஷா மாதுரியும் உடன் மூவரும் சேர்ந்து 2014இல் காக்ரேன் திறனாய்வாக வெளியிட்டது அது. உலகெங்கும் இந்தக் கேள்விமீது நடந்த ஒப்பீட்டுச் சோதனைகளைத் தேடி, தரம் பிரித்துத் தொகுத்தார்கள். தேறியவை 10 சோதனைகள், 527 பிள்ளைகள். தமிழ்நாட்டு மருத்துவர்கள் உலகத்துக்கே தீர்ப்பு எழுதிக் கொடுத்தார்கள் என்று நண்பர் பெருமைப்படுகிறார். நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் நான் முழுவதும் படித்துவிட்டுப் பெருமைப்படுகிறேன்.

அவர் எடுத்துக்காட்டியது இதை மட்டும்தான்: இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது அறுவை செய்த பிள்ளைகளும் மாவுக்கட்டுப் போட்ட பிள்ளைகளும் ஓடியாடுவதில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தார்கள். உண்மை. அது எங்கிருந்து வந்தது என்பதையும் அதே இடத்தில் எழுதியிருக்கிறார்கள்: ஒரே ஒரு சோதனை, 101 பிள்ளைகள், வயது நாலு முதல் பத்து வரை, சான்றின் தரம் குறைவு. அந்த ஒரு சோதனையில் ஒப்பிடப்பட்ட அறுவையும், தோலுக்கு வெளியே சட்டம் நிற்கும்படி எலும்பில் முள் இறக்கும் முறை. இன்று நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக வைக்கும் வளையும் கம்பி அல்ல. திறனாய்வாளர்களின் முடிவோ, நீண்டகாலச் செயல்திறனில் வித்தியாசம் உண்டா இல்லையா என்று சொல்லச் சான்று போதாது என்பது. சான்று போதவில்லை என்றால் வித்தியாசம் இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார் நண்பர். சாட்சி வராததால் வழக்கே இல்லை என்று கோர்ட்டில் வாதாடலாம். எக்ஸ்ரேயிடம் அந்த வாதம் எடுபடாது.

அவர் தாண்டிப்போன வரிகள் இன்னும் சுவையானவை. நாலு சோதனைகள், 264 பிள்ளைகள், வயது நாலு முதல் பன்னிரண்டு வரை, இந்தத் தடவை சான்றின் தரம் நடுத்தரம். அறுவை இல்லாமல் வைத்தியம் பார்த்த 1000 பிள்ளைகளில் 115 பேருக்கு எலும்பு கோணலாகக் கூடும் என்று வைத்துக்கொண்டால், அறுவையில் அந்தக் கணக்கில் 81 பேர் குறைகிறார்கள். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறார்கள். சீழ் பிடிப்பது போன்ற கடுமையான பாதிப்புகள் அறுவையில் கூடுதல். 1000க்கு 40 என்று இருப்பதோடு இன்னும் 56 சேரலாம், இதற்குச் சான்று தரம் குறைவு. இரண்டையும் தட்டில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த இரண்டாவது வரி நண்பரின் கட்சிக்கு எவ்வளவு உதவியிருக்கும்! அதையும் அவர் எடுத்தாளவில்லை. திறனாய்வைப் படித்திருந்தால் விட்டிருக்க மாட்டார் என்பதால், யாரோ சொல்லக் கேட்டு எழுதினார் என்றே நினைக்க வேண்டியிருக்கிறது.

101 பிள்ளைகளின் அந்தச் சோதனை 2005இல் லான்செட் இதழில் வந்தது, கனடாவின் டொராண்டோவிலிருந்து நடத்தியது. அதிலேயே மாவுக்கட்டுக்காரர்களில் 45 சதவீதம் பேருக்கு எலும்பு அளவு தவறிக் கூடியிருந்தது. சட்டம் வைத்தவர்களில் 16 சதவீதம். அதாவது நண்பரின் ஒரே சாட்சியும் குறுக்கு விசாரணையில் எதிர்க்கட்சிக்குப் பேசுகிறது. இவ்வளவும் பயிற்சி பெற்ற மருத்துவர்கள், மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே பார்த்து, மறுபடியும் படம் எடுத்துக் கவனித்த மாவுக்கட்டு. அங்கேயே கதி இது. ‘அறுவை இல்லாத சிகிச்சை’ என்று ஆய்வில் வருகிற இடத்தில் மூங்கில் தப்பையையும் முட்டை வெள்ளைக்கருவையும் நண்பர் நைசாக உட்கார வைத்துவிட்டார். அந்த 527 பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடத் தப்பை வைக்கவில்லை.

வளர வளர நிமிர்ந்துகொள்ளும் என்பதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்து. தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 70 சதவீதம் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கும் வளர்ச்சித் தட்டில் நடக்கிறது. இன்னும் நிறைய வளர வேண்டிய பிள்ளைக்கு அந்தத் தட்டு வளைவைச் சரிசெய்யப் பார்க்கும். மூன்று வயதில் முன்னும் பின்னுமாக 20 பாகை வளைந்திருந்தாலும் விட்டுவைக்கலாம். பன்னிரண்டு வயதில் 10 பாகையே அதிகம். பக்கவாட்டுக் கோணலுக்கு மன்னிப்பு இன்னும் குறைவு: சின்னதில் 15 பாகை, பெரியதில் 5. முறுக்கு என்று ஒன்று இருக்கிறது, துண்டுகள் ஒன்றுக்கொன்று திருகிக் கூடுவது. அதை வளர்ச்சித் தட்டு நிமிர்த்தித் தரும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. பாதம் வெளியே திரும்பியபடி நடக்கும் பையனை அப்பா அதட்டுவார், ‘நேரா நடடா’ என்று. அவன் நேராகத்தான் நடக்கிறான், எலும்பு திரும்பியிருக்கிறது.

டாக்டர்களே எலும்பை ஒரு சென்டிமீட்டர் ஏறவிட்டுத்தான் கட்டுகிறார்கள், அப்புறம் என்ன துல்லியம் என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இரண்டிலிருந்து பத்து வயதுக்குள் ஒடிந்த தொடை எலும்பு, கூடும்போது ரத்த ஓட்டம் பெருகுவதால் மற்றதைவிடச் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அதிகம் வளர்கிறது. அதை எதிர்பார்த்து, அளந்து, படத்தில் பார்த்து, ஒரு சென்டிமீட்டர் குறைத்து வைக்கிறார்கள். துணி தண்ணீரில் சுருங்கும் என்று தெரிந்து ஒரு விரல் கூட வெட்டுகிற தையற்காரர், அளவு தெரியாமலா வெட்டுகிறார்?

தப்பைக்கு வருவோம். நாட்டு வைத்தியர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளின் முன்கை எலும்பு பாதி ஒடிந்தும் ஒடியாமலும் வளையும்போது, அதை ஏறக்குறைய எதை வைத்துக் கட்டினாலும் கூடும். கட்டாவிட்டாலும் பல கூடும். தலைமுறை தலைமுறையாக வைத்தியர் சம்பாதித்த பெயரில் பெரும்பங்கு இந்தக் கைகள் சம்பாதித்துக் கொடுத்தது. ஆனால் தொடை, கை அல்ல. உடம்பிலேயே பெரிய தசைகள் அதைச் சுற்றி இருக்கின்றன. எலும்பு மேல்பகுதியில் ஒடிந்தால், இடுப்புத் தசைகள் மேல்துண்டை முன்னுக்கும் வெளியேயும் இழுத்துத் திருகிவிடும். உள்தொடைத் தசைகள் கீழ்த்துண்டை உள்ளேயும் மேலேயும் இழுக்கும். இதை அடக்க இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நீளவாக்கில் இழுத்துவைக்க வேண்டும், இல்லையென்றால் எலும்புக்கு உள்ளேயே தாங்கல் வைக்க வேண்டும். நாலு மூங்கில் பட்டையைத் தொடையைச் சுற்றி வைத்து வரிந்து கட்டுவதில் இந்த மூன்றும் இல்லை. அது தசையை நெரிக்கும். எலும்பு தன்பாட்டுக்குப் போகும். நெரிபட்ட காலில் ரத்த ஓட்டம் நின்று, விரல் மரத்து, நீலம் பாரித்து, பையன் வலி தாங்காமல் அலறும்போது, ‘கட்டு பிடிக்கிறது, அப்படித்தான் வலிக்கும்’ என்று சொல்லப்படுகிறது. அந்த இரவு விடிவதற்குள் தசை செத்துவிடும்.

மாவுக்கட்டிலும் இந்த அபாயம் உண்டு, மறைக்கப்போவதில்லை. இடுப்பையும் முழங்காலையும் செங்கோணமாக மடக்கி, முதலில் கணுக்காலில் கட்டுப்போட்டு அதைப் பிடித்து இழுத்துப் போட்ட இடுப்பு மாவுக்கட்டால் ஒன்பது பிள்ளைகளுக்குக் கால் தசை செத்ததை 2006இல் அமெரிக்க மருத்துவர்களே எழுதி வெளியிட்டார்கள். வெளியிட்டதால் அப்படி இழுத்துக் கட்டக்கூடாது என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. தப்பைக் கட்டில் கெட்டுப்போன கால்களின் கணக்கு எந்த வைத்தியசாலைச் சுவரிலும் தொங்கவில்லை. தேறியவர்களின் படம் மட்டும் தொங்குகிறது.

கத்தியில்லாத வைத்தியத்துக்கு நண்பர் ஒரு குலதெய்வம் தேடினால், நான் தருகிறேன். லிவர்பூலில் இருந்த ஹியூ ஓவன் தாமஸ். வேல்ஸ் தேசத்தில் பரம்பரையாக எலும்பு கட்டிய குடும்பம் அவருடையது. அப்பா எவான் தாமஸ் மருத்துவப் பட்டம் இல்லாத கட்டு வைத்தியர்தான். பிள்ளையை முறையாக மருத்துவம் படிக்க வைத்தார். ஓய்வுதான் மருந்து என்று வாழ்நாள் முழுக்கப் பேசிய அந்தப் பிள்ளை செய்துவைத்த இரும்புச் சட்டம்தான் தாமஸ் ஸ்பிளின்ட். அவருடைய மருமகன் முறையான ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போரில் அதைப் பரப்பினார். தொடையில் குண்டடி பட்ட எத்தனையோ சிப்பாய்கள் அதனால் பிழைத்தார்கள். இன்றும் நம் அவசரப் பிரிவுகளில் அது இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பார்த்தாலே பரம்பரை வைத்தியர் வீட்டுப் பிள்ளை எதைத் திருத்தினார் என்பது புரியும். தொடைச்சந்தில் வளையமாகத் தொடங்கும் சட்டம் பாதத்தையும் தாண்டிப் போகிறது. கால் நீளவாக்கில் இழுக்கப்படுகிறது. தொடையைச் சுற்றி எதுவும் நெரிப்பதில்லை. தப்பை செய்வதற்கு அப்படியே நேரெதிர்.

இன்னொன்று, நேரம். நாலுவழிச் சாலையில் வண்டி மோதி வரும் பிள்ளைக்குத் தொடை எலும்போடு நெஞ்சிலோ வயிற்றிலோ தலையிலோ சேர்ந்து அடிபட்டிருக்கும் என்று சந்தேகப்படுவது எங்கள் பாடத்தில் பழைய விதி. தொடை எலும்பு மட்டும் முறிந்த பிள்ளைக்கு ரத்த அழுத்தம் இறங்குவது அபூர்வம். இறங்கினால் மண்ணீரலைத் தேட வேண்டும். வெளியே தெரிவது வீங்கிய தொடை. அதற்குப் பச்சிலை அரைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உள்ளே வயிற்றில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்.

கட்டுரையில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் இவை எதுவும் இல்லை. ஆறு வாரம் படுக்கப்போட்டால் என்ன, பிள்ளைதானே, ஓய்வெடுக்கட்டும் என்று போகிறபோக்கில் எழுதிய ஒற்றை வரி. இடுப்பு மாவுக்கட்டைப் பற்றி எழுதுகிறவர் ஒரு நாள் அதோடு இருந்து பார்த்திருக்க வேண்டும். கரிசல்காட்டுச் சித்திரை வெயிலில், தகரம் போட்ட வீட்டில், மார்புக்குக் கீழே பாதம்வரை மாவுக்கட்டு. கவட்டையில் மட்டும் ஒரு திறப்பு. மூத்திரம் ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் நாற்றம், அரிப்பு, தோல் புண். மூன்று வயதுப் பிள்ளையைத் திருப்பிப் போடுவதும் கழுவிவிடுவதும் ஆகிற காரியம். ஒன்பது வயதுப் பிள்ளை, மாவுக்கட்டின் எடையும் சேர்ந்து, ஒருத்தியால் தூக்க முடியாத பாரம். கால்களை அகட்டி வைத்த கட்டு பஸ் சீட்டில் அடங்காது, ஷேர் ஆட்டோவில் நுழையாது. கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்கு மறுபடி எக்ஸ்ரே எடுக்கப் போக ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், தனி வண்டி பிடிக்க வேண்டும்.

தூக்குகிறவள் யார்? தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள், காட்டு வேலைக்குப் போகிறவள், நூறு நாள் வேலைக்குப் போகிறவள். அந்த ஆறு வாரமும் அவள் எங்கும் போக முடியாது. கூலி போனது போனதுதான். மூத்தவள் இருந்தால் அவளும் பள்ளிக்கூடத்தை விட்டுத் தம்பியைப் பார்க்க வருவாள். கட்டுரையாளர் கத்தியின் செலவைக் காசு காசாகக் கணக்குப் போட்டிருக்கிறார். கட்டின் செலவு அவருக்குச் சுழி. அந்தச் செலவைச் செய்கிறவள் பில் கொடுப்பதில்லை, அதனால் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஐந்து வயதுக்குக் கீழே இந்தப் பாட்டைப் படலாம், பலன் உண்டு, எலும்பும் சீக்கிரம் கூடும். இப்போது ஒரு காலுக்கு மட்டும் போட்டுப் பிள்ளை எழுந்து நிற்கும்படியான இடுப்புக் கட்டும் வந்திருக்கிறது. எட்டு வயதுக்கு வேறு கணக்கு. முழங்காலுக்கு மேலே இருபுறமும் சின்னக் கீறல், வளர்ச்சித் தட்டைத் தொடாமல் அதற்கு மேலே துளை, சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே கருவியின் படத்தில் பார்த்தபடி இரண்டு டைட்டானியம் கம்பிகள். வில்லாக வளைத்த இரண்டும் எலும்புக்குள் எதிரெதிராக முட்டி நின்று முறிவைப் பிடித்துக்கொள்ளும். முறிந்த இடத்தைத் திறப்பதே இல்லை. பிரான்ஸில் நான்சி நகரத்து மருத்துவர்கள் இந்த முறையில் 123 தொடை முறிவுகளைச் சரிசெய்த அனுபவத்தை 1988இல் வெளியிட்டார்கள். நம் மருத்துவர்கள் ‘டென்ஸ்’ என்பார்கள். பிள்ளை சில நாளில் உட்காரும், ஊன்றுகோலோடு நடமாடும். வேலூர்த் திறனாய்விலேயே இதுவும் இருக்கிறது: கம்பி வைத்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரம் திரும்பினார்கள், பெற்றோருக்கும் அதில் திருப்தி அதிகம். 46 பிள்ளைகளின் சின்னச் சோதனை, தரம் குறைந்த சான்று. நண்பர் பெரிதாகக் காட்டிய சான்றும் அதே தரம்தான் என்பதால் இதையும் அவர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கம்பியிலும் குறை உண்டு. முழங்கால் பக்கம் நுனி உறுத்தும். எலும்பு கூடியபின் கம்பியை எடுக்க இன்னொரு தடவை மயக்கம் கொடுக்க வேண்டும். பதினொரு வயது தாண்டியவர்களுக்கும் 49 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்களுக்கும் வளையும் கம்பி சரியாகப் பிடிப்பதில்லை என்று 2006இலேயே 234 முறிவுகளைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பெரியவர்களுக்கு வைக்கிற மாதிரி தொடை எலும்பின் மேல்முனைக் குழியிலிருந்து கனத்த கம்பியை இறக்கினால், வளரும் பிள்ளைக்குத் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகும் வழியே அடைபடலாம்.

வியாபாரம் என்ற குற்றச்சாட்டு மிச்சம் இருக்கிறது. அதை நான் முழுக்க மறுக்கப்போவதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கம்பி வைத்துவிட்டுப் பில் போடுகிற இடங்கள் உண்டு. எலும்பு கூடிய பிறகு நேராகிற வளைவைக் காட்டிப் பெற்றவர்களைப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. நண்பர் அவர்களை அடித்திருந்தால் கூடவே நின்றிருப்பேன். வயதைச் சொல்லி, இந்த வயதில் இதைச் செய்யாதே என்று கேட்டிருந்தால் பதில் சொல்ல முடியாமல் திணறியிருப்பார்கள். எல்லா அறுவையும் கொள்ளை என்று பொத்தாம்பொதுவாக எழுதியதால் அவர்கள் சிரித்துக்கொண்டே தப்பித்துவிட்டார்கள். பயந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தப்பைக்கு ஓடுவது, கம்பி உண்மையிலேயே தேவைப்படுகிற ஒன்பது வயதுப் பையனின் அம்மா.

அவள் கொள்ளைக்குப் பயப்பட வேண்டிய அவசியமும் இல்லை. கோவில்பட்டியில் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைக்குக் காசு கேட்கக்கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் காத்திருக்க வேண்டும், கட்டில் கிடைக்காமல் தரையில் படுக்க வேண்டியும் வரலாம். அதைத் திட்டி எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

கடைசியாக, ‘முதலில் கட்டிப் பாருங்கள், கூடாவிட்டால் டாக்டரிடம் போங்கள்’ என்ற அறிவுரை. கேட்க நிதானமாக, யாருக்கும் கெடுதல் இல்லாததாகத் தெரிகிறது. கட்டுரையிலேயே மோசமான வரி அதுதான். பிள்ளைகளின் தொடை எலும்பு கூடாமல் போவது மிக அபூர்வம். தப்பான இடத்தில் கூடிப்போவதுதான் தொல்லை. கூடவில்லையே என்று யாரும் டாக்டரிடம் வரப்போவதில்லை. கூடிவிட்டது, கால் மட்டும் கோணல் என்று வருவார்கள். எட்டு வயதில் மூன்றாவது வாரமே முறிவைச் சுற்றிப் புது எலும்பு கட்டியிருக்கும். முதல் நாளில் சின்னக் கீறல் வழியாகக் கம்பி செருகி முடித்திருக்கலாம். இப்போது அந்த இடத்தைத் திறந்து, கூடிய எலும்பை வேண்டுமென்றே மறுபடி வெட்டி, நேராக்கி, பிளேட் வைத்து இறுக்க வேண்டும். ரத்தம் ஏற்றவும் வேண்டியிருக்கலாம். கத்தியிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற பாதை, பெரிய கத்திக்கு நேரே போய் நிற்கிறது.

பதில் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். எழுதட்டும். இந்தத் தடவை பிள்ளையின் வயதையும் எடையையும் குறிப்பிட்டு எழுதட்டும், அதற்குமேல் பேசுவோம். அதுவரை அந்த டீக்கடைக்காரர் சுவரில் ஒட்டியிருப்பதைக் கிழித்துவிட்டு, 108 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிவைத்தால் போதும். பிள்ளைக்குத் தொடை ஒடிந்தால் நீவிவிடாமல், இழுத்துப் பார்க்காமல், ஒடிந்த காலை நல்ல காலோடு சேர்த்துத் துண்டால் தளரக் கட்டி வண்டியில் ஏற்றச் சொல்லவும்.